ரெஜியின் சம்மதம்

“ரெஜிக்கு உன்னைப் பிடிக்கலைன்னா இந்தக் கல்யாணம் கிடையாது. அப்புறம் என் மேல வருத்தப்படாதே, ஹேமிஷ்” என்றாள் ப்ரோன்வின்.

“ரெஜியை நான் பார்த்துக்கறேன். நீ முதல்ல பெட்டியைத் திற.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுவரை இதே மனிதன் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

ரெஜி, அவள் குட்டியிலிருந்து வளர்த்த மலைப்பாம்பு. ஹேமிஷ் போன வாரம்தான் நியூசிலாந்திலிருந்து வந்து இறங்கியவன். அந்த ஊரில் பாம்பு என்ற ஜென்மமே கிடையாது. டிவியில் பார்த்ததோடு சரி.

இதற்கு முன்னால் இரண்டு பேர், போட்ட மோதிரத்தைக்கூடத் திரும்பக் கேட்காமல் ஓடியிருக்கிறார்கள். இவனும் ஓடினால் அவளால் தாங்க முடியாது. அதற்காக ரெஜியை எங்கே கொண்டுபோய் விடுவது?

“கை கழுவினியா? சாப்பாட்டு வாசனை அடிச்சா கவ்விடுவான்.”

“சோப்புப் போட்டே கழுவியாச்சு.”

“அந்தப் பாம்புக் கொக்கியால லேசா ஒரு தட்டு தட்டு. தீனி இல்ல, ஆள்தான்னு அவனுக்குப் புரியணும். தலைப்பக்கம் போகாதே, நடு உடம்பை...”

அவள் சொல்லி முடிப்பதற்குள் தூக்கிவிட்டான். ஒரு கை நடுவில், ஒரு கை வாலுக்குச் சற்று மேலே. பாரத்தைத் தாங்கினானே தவிர இறுக்கிப் பிடிக்கவில்லை. ரெஜி நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, சாவகாசமாக அவன் தோளில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

“அட, இவன் வெதுவெதுன்னு இருக்கானே!” என்று ஹேமிஷ் ஆச்சரியப்பட்டான்.

பின்னே, டூவூம்பா ஊரில் ஜூலைதான் நடுக் குளிர்காலம்; அந்தக் குளிர் லேசுப்பட்டதா? ரெஜியின் பெட்டிக்குள் ராத்திரி பகல் என்று பார்க்காமல் சூட்டுக்காக விளக்கு எரிகிறது. அதையெல்லாம் விளக்கும் நிலையில் ப்ரோன்வின் இல்லை. சந்தோஷத்தில் அவள் கண் கலங்கிவிட்டது.

“அடப்பாவி, ஒரே நாள்ல எப்படிடா? யாருகிட்ட கத்துக்கிட்டே?”

“யாருகிட்டயும் இல்ல. காலையில நீ வேலைக்குப் போனதும் கொட்டகைக்குப் போனேன். வைக்கோலுக்கு அடியில உன்னோட இன்னொரு பாம்பு இருக்கே, பழுப்பா, மெலிசா... அதைத் தூக்கித் தூக்கிப் பழகிட்டேன். பரம சாது. அசையவே இல்ல.”

ப்ரோன்வினின் முகம் வெளிறிப்போயிற்று.

“ஹேமிஷ், எனக்கு ரெஜி ஒருத்தன்தான். நீ தூக்கினது காட்டுப் பாம்பு. கொடிய விஷம். குளிர்ல விறைச்சுக் கிடந்ததாலதான் நீ பொழைச்சே. கொஞ்சம் சூடு ஏறியிருந்தா ஒரே போடு, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஆளே இருந்திருக்க மாட்டே!”

ஹேமிஷ் மெதுவாகப் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அது இப்போ எங்கே?” என்றாள் ப்ரோன்வின்.

“பாவம், குளிருதேன்னு... உன் கட்டில்ல விட்டு, ஹீட்டர் போர்வையைப் போட்டு மூடியிருக்கேன்.”