முட்டுக்காடு இல்லத்துக்கு ஓர் ஓட்டு

"திரும்பிப் பாக்காதீங்க பாய். அதே ஜீப்புதான். கேளம்பாக்கத்துலேர்ந்து நம்ம பின்னாடியே வந்துகினு கீது."

ஜெசிந்தா உதடு அசையாமல் சொன்னாள். நூர்முகமது பாய் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டார். பங்குனி வெயிலில் கம்பளி போர்த்தி நின்றவர் திருப்போரூர் பஸ் நிறுத்தத்திலேயே அவர் ஒருவர்தான். பத்து நாள் காய்ச்சல் அவரைப் பாதியாக உருக்கியிருந்தது.

கேளம்பாக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்திறங்கியிருந்தார்கள். மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு ஜீப் மாட்டின் வேகத்திலேயே வந்தால் பயம் வராமல் என்ன செய்யும்?

ஜெசிந்தா முட்டுக்காட்டில் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தைப் பார்த்துக்கொள்பவள். அங்கே பதினேழு பிள்ளைகள். இல்லத்தை வைத்திருப்பதும் மூடுவதும் சர்க்கார் சட்டம் போட்டு அமைத்த சமூக நலக் கவுன்சிலின் கையில் இருந்தது. ஒன்பது பேர் கொண்ட அந்தக் கவுன்சிலின் ஆயுள் இன்றோடு சரி. பதினொரு மணிக்குச் செங்கல்பட்டில் கடைசிக் கூட்டம். இல்லத்தை மூடிவிடலாம் என்று தலைவர் திருவேங்கடமே தீர்மானம் கொண்டுவருகிறார். அவருடைய மைத்துனருக்கு உப்புக் கிடங்கு வைக்க அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கண்.

தலைவர் பக்கம் நாலு பேர், இல்லத்தின் பக்கம் பாயோடு சேர்த்து நாலு பேர், இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிக்கிறவர் ஒருவர். இதில் பாய் படுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. பிள்ளைகளை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வேண்டா என்ற ஐந்து வயதுப் பெண் வந்த ஒரு வருஷமும் வாயே திறக்கவில்லை. போன மாதம்தான் ஜெசிந்தாவை 'அம்மா' என்று கூப்பிட்டாள். அவளை எந்த ஊரில் கொண்டு போய் விடுவார்களோ என்பதுதான் ஜெசிந்தாவின் பெரிய கவலை.

அதனால்தான் நேற்று பாய் வீட்டு வாசலில் போய் அழுதாள். எழுந்து உட்காரவே முடியாத மனுஷனை எங்கே அனுப்புவது என்று பாயின் மனைவி பதருன்னிசா மறுத்துப் பார்த்தாள். அவளுக்கும் பயம். ஒரு வாரமாக எவனோ ஒருவன் சைக்கிளில் வந்து, பாய் எழுந்து நடமாடுகிறாரா என்று கடைத்தெருவில் விசாரித்துவிட்டுப் போகிறான். போதாததற்கு, திருவேங்கடமே ஒரு கம்பவுண்டரிடம் மருந்து பாட்டில் கொடுத்தனுப்பினார். பதருன்னிசா அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொல்லையில் கொட்டினாள். கொட்டிய இடத்தில் இருந்த கீரையையும் வேரோடு பிடுங்கி எறிந்தாள்.

மணி பத்தைத் தாண்டியும் செங்கல்பட்டு பஸ்ஸைக் காணோம். ஜீப் மெல்ல ஊர்ந்து வந்து அவர்கள் எதிரில் நின்றது. திருவேங்கடத்தின் டிரைவர் துரை எட்டிப் பார்த்தான்.

"பஸ்ஸு வழியில பிரேக் டவுனு பாய். ஏறுங்க, நான் கொண்டு வுட்டுட்றேன்."

வேண்டாம் என்று ஜெசிந்தா பாயின் கம்பளியைப் பிடித்து இழுத்தாள். பாய் அவள் கையை மெல்ல விலக்கினார்.

"வேற வழி இல்லம்மா. பாதியில எறக்கி வுட்டான்னா நடந்தாவது போறேன். அந்தப் பதினேழு உசிருக்காக இதுகூடச் செய்யாட்டி எப்படி?"

ஏறினார்கள். ஊரைத் தாண்டி ரோட்டின் இரண்டு பக்கமும் காடு வந்ததும் ஜெசிந்தா தன் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே ஒரு வண்டி இல்லை, மனிதர் இல்லை. திடீரென்று துரை ஜீப்பை ஓரம் கட்டினான். இறங்கிப் பின்பக்கம் வந்தான். அவள் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மாதாவே காப்பாற்று என்று மனதுக்குள் ஓயாமல் சொன்னாள்.

அவன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சோடாவை எடுத்து உடைத்து பாயிடம் நீட்டினான். குலுக்கல் அதிகமாக இருக்கிறதா, மெதுவாக ஓட்டட்டுமா என்று கேட்டான். பாய் சோடாவை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜீப் செங்கல்பட்டு கவுன்சில் ஆபீஸ் வாசலில் போய் நின்றது. திருவேங்கடமே படியிறங்கி ஓடி வந்து பாயைத் தோளோடு அணைத்துக் கூட்டிப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார். வருகைப் பதிவேட்டையும் பேனாவையும் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பாய் கையெழுத்துப் போட்டார். ஒரு நல்ல மனுஷனை இத்தனை நாளும் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ஜெசிந்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பியூன் வரதன் அவளை வராந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டான்.

"பாயை யாரும்மா இட்டுகினு வந்தது?"

"நான்தான்" என்றாள் ஜெசிந்தா, பெருமை தாங்காமல்.

"கெடுத்தியேம்மா. நேத்தே அந்த நடு ஆளும் சேந்து அவங்க பக்கம் அஞ்சு பேர் ஆயிட்டாங்க. ஆறு பேர் இல்லாட்டி கூட்டமே செல்லாது, இன்னியோட முடியற கவுன்சிலோட தீர்மானமும் போயிடும்னுதான் நம்ம ஆளுங்க மூணு பேரும் வேணும்னே வரல. பாய்தான் படுத்த படுக்கையா கீறாரே, எங்க வரப்போறார்னு அவருக்கு மட்டும் சொல்லி அனுப்பாம வுட்டுட்டாங்க."

உள்ளே திருவேங்கடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாயோட சேர்த்து ஆறு பேர் ஆச்சு. தீர்மானத்தைப் படிங்க."