கறுப்புச் சட்டைப் பூசாரி

குங்குமப் பொட்டு நேராக வரவேண்டும் என்று அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பூசியாகிவிட்டது. நாவல் மரத்தின் இடுப்பில் சிவப்புத் துணி சுற்றியாகிவிட்டது. அடியில் மூன்று கல், ஒரு எலுமிச்சம்பழம், தட்டு நிறையத் திருநீறு. பொட்டுகள் மட்டும் மேலிருந்து கீழாக, ஒரே இடைவெளியில் இறங்கிக்கொண்டிருந்தன. காலமெல்லாம் சட்டை தைத்த கை. வேறு எப்படி வரும்?

"சாமிக்குப் பொட்டு வைக்கிறீங்களா, பொத்தான் வைக்கிறீங்களா?"

கேட்டது வேலுத்தாய், அவர் மனைவி. பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். ஒத்தாசைக்கு வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

மரத்துக்குப் பின்னால் சோலை தொடங்குகிறது. ஊர் குடிப்பது அதில் ஊறும் தண்ணீரைத்தான். அந்தச் சோலையை மொத்தமாக வெட்டிப்போக ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருக்கிறார்.

மத்தியானம் மதுரையில் வழக்கு வருகிறது. தடை உத்தரவு கட்டாயம் கிடைக்கும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதுவரை சோலை நிற்க வேண்டும். அதற்குள் வெட்டிவிட்டால் உத்தரவைக் கையில் வைத்து விசிறிக்கொள்ளலாம்.

ஊரே கீழே ரோட்டில் லாரியை மறித்து உட்கார்ந்திருந்தது. மரம் அறுக்கிறவர்கள் லாரியை விட்டுவிட்டார்கள். மெஷின்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறார்கள் என்று போன் வந்திருந்தது.

எதற்கும் அஞ்சாதவன்கூட சாமி மரத்தில் ரம்பம் வைக்க மாட்டான். இந்த யோசனை சோலையைக் காக்கும் சங்கத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பூசாரி யார் என்றதும் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். கோயில் பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தே போய்விட்டார். வேலுத்தாயும் முடியாது என்றுவிட்டாள். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்ல அவளால் ஆகாது.

சாமிக்குப் பயப்படாத ஆள் ஒருவர்தான் மிச்சம்.

விவரம் தெரிந்த நாளாகக் கறுப்புச் சட்டை போடுகிறவர். மேடை மேடையாக ஏறி, திருநீறு பூசினால் பல்வலி தீருமா என்று கேட்டவர். இன்று அந்தச் சட்டை வேலுத்தாயின் மடியில் இருந்தது. வெற்றுடம்பில் குளிருமே என்று அவள் கவலைப்படுவது அவருக்குத் தெரியும். வாய்தான் கேலி பேசும்.

மரம் அறுக்கிறவர்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள்.

முன்னால் வந்தவர் மேஸ்திரி. நரைத்த மீசை. மரத்தைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார்.

பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். மெஷின்கள் தரையில் இறங்கின.

பூசாரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினார்.

மேஸ்திரி கிட்டே வந்து தலை குனிந்தார்.

"சாமி, மக பெரியாஸ்பத்திரியில கெடக்கா. தலப்பிரசவம். கொழந்த தல திரும்பலங்கிறாங்க. நல்ல வாக்கு ஒண்ணு சொல்லுங்க."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஒரு விரல் திருநீறு எடுத்துப் பூசி, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொன்னால் போதும். சோலை நிற்கும். அப்படிச் சொல்லுகிறவர்களைத்தானே இத்தனை காலம் கிழி கிழி என்று கிழித்தார்?

மரத்தைக் காட்டிச் சாமி என்று சொல்லிவிடலாம். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

ஆனால் பெண்ணைப் பெற்ற தகப்பனிடம்?

வேலுத்தாயைப் பார்த்தார். அவள் கேலி எல்லாம் எங்கோ போயிருந்தது. சட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"நான் பூசாரி இல்லங்க, டைலர். இது வெறும் சாம்பல். டாக்டர் சொல்றதக் கேட்டு நடங்க. ரத்தம் வேணும்னா சொல்லுங்க, நான் வந்து தர்றேன்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சோலை நினைவுக்கு வந்தது. ஊரே நம்பி நிறுத்திய ஆள். அரை நாள் ஒரு பொய்யைக் காப்பாற்ற வக்கில்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மேஸ்திரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும். திண்டுக்கல்லுல நீங்க மேடையில பேசிக் கேட்டிருக்கேன். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"பெறகு எதுக்கு எங்கிட்டப் போயி..."

"புள்ளைக்கு முடியலன்னா யாருகிட்ட வேணாலும் கேக்கத் தோணுது."

சோலைக்குள் ஒரு மந்தி கத்தி ஓய்ந்தது. மேஸ்திரி நெற்றியைக் காட்டினார்.

"பூசுங்க. எல்லாருக்கும் பூசி விடுங்க. வெறும் நெத்தியோட எறங்குனா, சாமி மரம், வெட்ட முடியலன்னு சொன்னாக் காண்ட்ராக்டர் நம்ப மாட்டாரு."

பின்னால் அவருடைய ஆட்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்தார்கள்.

அவர் பூசினார். நெற்றிக்கு நெற்றி, பட்டை பட்டையாக, கஞ்சத்தனம் இல்லாமல். காண்ட்ராக்டர் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டுமே. கண் கலங்கியதைத் திருநீற்றுத் தூசியின்மேல் போட்டுவிட்டார்.

மெஷின்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். மேஸ்திரி மட்டும் நின்றார்.

"மகளுக்குக் கொஞ்சம் முடிஞ்சு குடுங்க."

"அதான் சொன்னேனே, வெறும் சாம்பல்னு."

"கேட்டேன். குடுங்க."

அவர் சுற்றிலும் காகிதம் தேடினார்.

வேலுத்தாய் எழுந்து வந்தாள். முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். தட்டிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டு, கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லி, இறுக்கி முடிந்தாள்.

மேஸ்திரி கையை நீட்டினார். அவள் அவரிடம் கொடுக்கவில்லை. தன் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க குடுங்க. உங்க கையால குடுத்தாத்தான் பலிக்கும்."

அவர் இரண்டு கையாலும் மேஸ்திரியிடம் கொடுத்தார்.