நொஹேயாவின் விடுமுறை நாள்

மதிய வெயில் எங்கள் தீவின் அனினிக் கடலின் அடிவரை இறங்கிப் பவளப்பாறைகளைத் துலக்கிக் காட்டுகிறது. என் தங்கை நொஹேயா ஈரத்தலையோடு பாயில் உட்கார்ந்து, எள்ளெண்ணெயில் புரட்டிய பச்சைச் சூரைமீனை விரலால் எடுத்து மகள் மைலிக்கு ஊட்டுகிறாள். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் இனி சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறாராம். தீவில் வேறெங்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை. நாளை விமானமேறி லாஸ் வேகாஸ் போகிறார்கள். இனி பிழைப்பு அங்கேதான். “பொறந்ததுலேர்ந்து லீவுன்னு ஒருநாள் இங்க வந்து உட்கார்ந்திருக்கமா? இன்னிக்கு நாமளும் டூரிஸ்ட்டுதாண்ணா. மூஞ்சிய தூக்கி வச்சுக்காம சாப்பிடு” என்கிறாள் என்னிடம். பக்கத்துக் குடையடியில், தோள் சிவந்த வெள்ளைக்காரப் பெண்மணி எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். “நாங்க நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும், நெனச்சாலே அழுகையா வருது. உங்களுக்கென்ன, தினமும் இந்தக் கடல்!” மைலி, “நாங்களும் நாளைக்கு…” என்று ஆரம்பிக்கிறாள். நொஹேயா சட்டென்று அவள் வாயில் இன்னொரு துண்டு மீனை வைக்கிறாள். தேங்காய்ப்பாலும் சேப்பங்கிழங்கும் சேர்த்து வேகவைத்த குலோலோவில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அந்தப் பெண்மணியிடம் நீட்டுகிறாள். “எடுத்துக்கங்க. உங்க ஊர்ல இது கெடைக்காது.” கொடுத்த விரல்களில் ஒட்டிய இனிப்பை அவள் நக்கவில்லை, துடைக்கவும் இல்லை. “அடுத்த வருஷம் கண்டிப்பா வருவோம். நீங்க இங்கதானே இருப்பீங்க?” என்கிறாள் அந்தப் பெண்மணி. அலை வந்து மணலில் கரைந்து திரும்புகிறது. நொஹேயா சிரித்தபடி தலையாட்டுகிறாள்.