ஒரு எலும்பு காட்டுங்க

போக்னா முட்டி போட்டு அந்தக் கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கல் புதுசு. தேய்த்தெடுக்க அதில் ஒரு பொட்டு அழுக்குக்கூட இல்லை. ஆனாலும் நவம்பர் முதல் தேதி, ஊரே தன் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் திருநாளில், ஓல்ஷினா கல்லறைத் தோட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவளை ஊர் மனுஷியாகவே மதிக்காது.

கல்லின் முகத்தை ஒரு பெரிய சாமந்தித் தொட்டி மறைத்திருந்தது. முந்தின நாள் கொத்தனார் வந்து கல்லை நட்டுவிட்டுப் போனதிலிருந்தே ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. வார்சாவிலிருந்து அம்மாவின் அஸ்தியைக் கொண்டுவந்து புதைத்துவிட்டாளாம். இல்லையில்லை, விவாகரத்தான புருஷனையாம். போக்னா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"தர்பூசணி வந்திருச்சு பாருங்க," என்றார் ஜெனோன், பக்கத்தில் தன் மனைவியின் கல்லறையில் விளக்கை வைத்தபடி. "வெளியில பச்சை. வெட்டிப் பாத்தா சிவப்பு."

நாலு பேர் சிரித்தார்கள். மேலே பசுமை, உள்ளே கம்யூனிஸ்ட் என்று பசுமைக் கட்சிக்காரர்களுக்கு இந்த நாட்டில் வைத்திருக்கும் பட்டப்பெயர் அது. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது.

போக்னா சமூகவியல் பேராசிரியை. பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் விழுங்கிய ஊர்களின் ஜனங்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினாள். எழுதினால் மட்டும் ஆகாது என்று பசுமைக் கட்சியில் சேர்ந்தாள். மூன்று தேர்தலில் நின்றாள். மூன்றிலும் மண்ணைக் கவ்வினாள். கட்சியா, பல்கலைக்கழகமா என்று துறைத் தலைவர் கேட்ட அன்று, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இத்தனைக்கும் கிடைத்த பரிசு ஒரு பழத்தின் பெயர்.

சுரங்கம் ஓல்ஷினா பக்கம் நீளப்போகிறது என்று வசந்த காலத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில், எதிர்த்துப் பேச எழுந்தவளை உட்கார வைத்ததும் இதே ஜெனோன்தான்.

"எங்க மண்ணுல உங்களுக்கு யாரு படுத்திருக்கா, புரொபசரம்மா? ஒரு எலும்பு காட்டுங்க. அப்புறம் பேசுங்க."



இன்றைக்குப் பூசை முடிந்ததும் சுரங்கக் கம்பெனி ஆள் கமில் கல்லறைத் தோட்ட வாசலில் வந்து நின்றான். பளபளக்கும் ஷூ, காலடியில் ஒரு பெட்டி. வந்த குடும்பத்துக்கெல்லாம் ஒரு மெழுகு விளக்கு இலவசம், கண்ணாடியில் கம்பெனி முத்திரையோடு. தோண்டி எடுக்கப்போகிற பிணங்களுக்கு விளக்குத் தானம்! நெஞ்சழுத்தம் என்றால் சாதாரண நெஞ்சழுத்தமா?

கல்லறைகளை நகரத்துக்கு மாற்ற எல்லாக் குடும்பமும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு குடும்பம் வேண்டாம் என்றாலும் சுரங்கம் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பாதிரியார் முன்னால் கம்பெனி இப்படி வாக்குக் கொடுத்திருந்தது. தைரியமாகத்தான் கொடுத்தது. ஓல்ஷினாவில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு மகனோ மருமகனோ அந்தச் சுரங்கத்தில்தான் சம்பளம் வாங்குகிறான். எந்த வாய் வேண்டாம் என்று சொல்லும்?

பாதிரியார் ஒவ்வொரு கல்லறையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கமில் கூடவே வந்தான். சம்மதம். சம்மதம். அழுதுகொண்டே ஒரு சம்மதம்.

ஜெனோன் முறை வந்தது. அவர் கல்லைப் பார்த்தார். மேலே மனைவியின் பெயர், கீழே பிறந்த வருடத்தோடு நின்று காத்திருக்கும் அவருடைய பெயர். பிறகு தள்ளி நின்ற இரண்டு மகன்களையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"சம்மதம், சாமி."

போக்னா முறைத்தாள். அந்த மனுஷனை இல்லை, கமிலை.

அடுத்தது புதுக் கல். பாதிரியார் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இரண்டு தரம் இருமினார். கமில்தான் குனிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இங்க படுத்திருக்கிறவங்க உங்களுக்கு என்ன உறவும்மா?"

போக்னா சாமந்தித் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினாள்.

போக்னா வில்கோஷ் என்று பொன்னிறத்தில் வெட்டியிருந்தது. அதன் கீழே பிறந்த வருடம். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் கல்.

"எலும்பு கேட்டீங்களே, ஜெனோன். இதோ இருக்கு. இன்னும் கொஞ்சம் நடமாடிட்டிருக்கு, அவ்வளவுதான்." எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "எங்க குடும்பத்துல நான் ஒருத்திதான், சாமி. எனக்குச் சம்மதம் இல்ல."

கமில் முகத்தில் ஈயாடவில்லை. இது செல்லாது, உள்ளே ஆளே இல்லையே என்று முனகினான். இடத்தை விற்றதே தான்தான் என்றும், பாதி ஊர் உயிரோடு இருக்கும்போதே இப்படித்தான் கல் நட்டு வைத்திருக்கிறது என்றும், வாக்கு வாக்குதான் என்றும் பாதிரியார் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஜெனோன் மெதுவாகத் தொப்பியைத் தலையில் வைத்தார். மனைவி கல்லறையிலிருந்த கம்பெனி விளக்கை ஊதி அணைத்துக் கமிலின் கையில் கொடுத்தார். தன் கோட்டுப் பையிலிருந்து வீட்டு விளக்கொன்றை எடுத்துப் பற்றவைத்து, போக்னாவின் கல்லின் மேல் வைத்தார். உயிரோடு இருக்கிறவளுக்கு யாராவது விளக்கு வைப்பார்களா? கூட்டத்தில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவசரப்பட்டு உள்ள போயிடாதீங்க, புரொபசரம்மா."

"மொதல்ல சுரங்கம் போகட்டும்," என்றாள் போக்னா. "அப்புறம் நான் உள்ள போறேன்."