வரிசை நிற்கவில்லை

தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி சின்னையா, திரிங்காப்பிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை ருக்குமணி, கோலாலம்பூர் பல்கலைக்கழகத்திலிருந்து காணாமல் போனவர்களைத் தேடித்தர மடிக்கணினியோடு வந்த ரூபினி.

சின்னையா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், மடிக்கணினித் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் குமுதா வீட்டை விட்டுப் போய் முப்பத்தோரு வருடம். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மனைவி இறந்த பிறகு சொல்வதற்கு ஆளும் இல்லை.

"சாகறதுக்குள்ள ஒரு தடவ மவள பாத்துடணும்னு இருக்கு இவருக்கு. வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நான்தான் இழுத்துட்டு வந்தேன்லா" என்றாள் ருக்குமணி.

"போறப்ப என்னென்ன எடுத்துட்டுப் போனாங்க, ஐயா?" ரூபினி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றார் சின்னையா. "அடையாளக் கார்டு, ஐசிகூட பீரோவுல இருக்கு. செருப்பும் வாசல்லதான் கெடந்துச்சு."

"யாரோட போனாங்க?"

ருக்குமணி முந்திக்கொண்டாள். "லோரிக்காரனோட. கம்போங் ராஜாவுல காய்கறி ஏத்துறவன். மறுநாள் பொண்ணு பாக்க வராங்க, இவ ஓடிட்டா. கிளந்தான் பக்கம்னு ஊரே சொல்லுச்சு. எழுதிக்கம்மா."

ரூபினி அதையும் மடிக்கணினியில் தட்டித் தேடவிட்டாள். பழைய பத்திரிகை அறிவிப்புகள், கோயில் திருமணப் பதிவுகள், ஆதரவற்றோர் இல்லங்களின் ஏடுகள் என்று பல லட்சம் பக்கங்களில் தேடும் மென்பொருள் அது. பொருத்தமானவர்களை வரிசையாக நிறுத்தியது.

"மொதல்லயே நிக்குது பாரு, கிளந்தான்லயே, கோத்தா பாருவுல ஒரு குமுதா! தொண்ணூத்திரண்டு மார்க்கு!" ருக்குமணி எழுந்தேவிட்டாள்.

"மார்க்க மட்டும் நம்பக்கூடாது, ஆன்டி. ஒவ்வொரு தடவையும் இதோட மூளையில கொஞ்சத்த மூடி வச்சிட்டு, அதே கேள்விய பத்து தடவ கேப்பேன். பத்து தடவையும் அதே ஆளு முன்னால நின்னா, இதுக்கு உறுதியாத் தெரியுதுன்னு அர்த்தம்."

பத்து தடவையும் வெவ்வேறு ஆள் முன்னால் வந்தது. கோத்தா பாருக்காரி ஏழாவது இடத்துக்கு இறங்கினாள். பிறகு வரிசையிலேயே இல்லை.

"மூடுறதுக்கு அதுக்கு மூளையே இல்ல போல" என்று ருக்குமணி உட்கார்ந்தாள்.

"தெரியாதுங்கறத ஒத்துக்குதே, ஆன்டி. நாம குடுத்த விவரம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சாலும் இப்படித்தான் ஆடும். ஏதாவது தப்பா சொல்லிட்டோமா?"

"என்ன தப்பு? குடும்ப மானம் போச்சுன்னு அண்ணன் கோயில் பக்கமே போறதில்ல. ஊருக்கே தெரிஞ்ச கதைலா!"

சின்னையா முதன்முறையாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். பெயர்கள் இன்னும் இடம் மாறிக்கொண்டிருந்தன.

"எழுதினதுல அந்த லோரிக்காரன அழிச்சிடும்மா" என்றார். "அவ ஓடிப் போகல. நான்தான் வெளிய தள்ளிக் கதவச் சாத்தினேன்."