இரண்டு மூச்சுக்கு நடுவில்

டெல்பின் பாட்டின் மூன்றாவது வரியின் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

வரி மறந்துவிட்டது என்று நினைத்தான் ஆனந்தராஜ். ஆனால் விட்ட இடத்திலிருந்தே, ஓர் எழுத்தும் சிதறாமல், மறுபடி பிடித்தாள். கொஞ்சம் போய் மறுபடி மூடினாள்.

காலை ஒன்பது மணி. சிப்காட் சாலையில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை. கீழே லாரி போனால் மைக் கம்பி லேசாக நடுங்கும். மேசைமேல் சாய்த்து வைத்த போனில் பெங்களூரிலிருந்து சுசித்ரா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கம்பெனி வீடியோ கேம் செய்கிறது. அந்த விளையாட்டில் வருகிற ஒரு சனத்தையும் அவர்களுடைய பாட்டையும் எழுதிக் கொடுத்தவன் ஆனந்தராஜ்.

இடுக்கர் என்று அந்தச் சனத்துக்குப் பெயர்.

மலையளவு அரக்கன் ஒருவன் மல்லாந்து தூங்குகிறான். அவன் விலா எலும்புகளின் இடுக்கில் அவர்கள் குடியிருக்கிறார்கள். அவன் மூச்சு விட்டால் ஊரே அதிரும். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் இரண்டு மூச்சுக்கு நடுவில் கிடைக்கிற அமைதியில்தான் பேசுவார்கள், பாடுவார்கள், பெண் கேட்பார்கள். ஒரு சண்டை முடிய ஒரு வாரம் ஆகும்.

அதைப் படித்துவிட்டு, என் மாமியார் அங்கே ஒரு நாள்கூடத் தாங்கமாட்டார் என்று சுசித்ரா சிரித்தாள். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். கனவில் வந்தது என்றான். கெலவரப்பள்ளி அணைக்கரையில் பட்டப்பகலில் படுத்துக் கிடப்பவனுக்குக் கனவு வரும்தானே. அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவள் கேட்கவில்லை.

ஏற்கெனவே இரண்டு பாடகிகள் பாடி, இரண்டும் தள்ளுபடி. தேன் மாதிரிக் குரல்கள். அரக்கனின் மூச்சு வருகிற இடத்திலெல்லாம் தாளில் கோடு போட்டுக் கொடுத்திருந்தான். அவர்களும் கோட்டைப் பார்த்துப் பார்த்து நின்றார்கள். சிக்னலில் வண்டி நிற்கிற மாதிரி இருந்தது. இன்றைக்கும் குரல் பொருந்தாவிட்டால் இடுக்கரையே விளையாட்டிலிருந்து எடுத்துவிடுவதாகச் சுசித்ரா சொல்லிவிட்டாள். நல்லவள், முகத்துக்கு நேரே சொன்னாள்.

எடுத்துவிட்டால் அவர்களுக்குப் போக இடமில்லை.

டெல்பினை அனுப்பியது சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஸ்டீவ். அனுப்பும்போதே எச்சரித்தான். குரல் கனம், ஆனால் அல்லேலூயாவை மூன்று துண்டாக வெட்டுவாள், அதனால்தான் பாடற்குழுவில் பின்வரிசைக்குத் தள்ளியிருக்கிறோம் என்றான்.

அவளுக்குக் கோடு போடாத தாளைக் கொடுத்தான் ஆனந்தராஜ். நேராகப் பாடட்டும், இடைவெளியைப் பிறகு கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அரக்கனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. தூக்கத்திலேயே பாடுகிறாளோ என்று தோன்றியது. கட்டைக் குரல், ஓரத்தில் கொஞ்சம் துரு.

அவள் நின்ற இடங்களைத் தன் நோட்டில் இருந்த கோடுகளோடு வைத்துப் பார்த்தான். முதல் கோடு. இரண்டாவது. ஏழாவது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நின்ற ஒவ்வொரு முறையும் அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் தொடைமேல் ஒரே நேரத்தில் அழுந்தின.

மெத்தைச் சுவர்கள் மெல்ல ஏறி இறங்குவது போலிருந்தது. குரல் எழுந்ததும் இடுக்குகளிலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஈரத்தலையோடு ஒருத்தி, பல் குத்திக்கொண்டு ஒருவன். குரல் இருக்கும் வரை நின்றார்கள். மூச்சு வருவதற்குள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கடைசி வரி. ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடுகிற வரி, அண்ணா என்று முடியும். அந்த வார்த்தைக்கு முன்னால் டெல்பின் நின்றாள். நின்றவள் தொடரவில்லை.

நன்றாகத்தானே வந்துகொண்டிருந்தது, ஏன் நிறுத்திவிட்டாள் என்று போனில் கேட்டாள் சுசித்ரா.

டெல்பின் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். இரும்புத் தகட்டை அடித்து வடிவெடுக்கிற பிரஸ் ஷாப்பில் எட்டு வருஷமாக இருக்கிறாளாம். தகட்டை வைத்து இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால் பிரஸ் இறங்கும். இறங்கும்போது பேசிப் பிரயோசனமில்லை. அது ஏறி, அடுத்த தகடு வைப்பதற்குள் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். அந்தப் பழக்கம் பாட்டிலும் வந்துவிடுகிறது, ஃபாதர்கூடத் திட்டுவார் என்றாள். ஆனால் இந்தப் பாட்டு அதற்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, ஓர் இடத்தில் மட்டும் இடிக்கிறது என்றும் சொன்னாள்.

பிறகு ஆனந்தராஜைப் பார்த்தாள்.

"கடைசி வார்த்தை மட்டும் சத்தத்துல போயி விழுதுண்ணா. அங்க வெச்சா ஒருத்தருக்கும் கேக்காது."

"கேக்கல," என்றான் ஆனந்தராஜ்.

கீழே டயருக்குக் காற்றடிக்கிற மோட்டார் ஓடி நின்றது.

நீங்களும் பிரஸ்ஸில் இருந்தீர்களா, எத்தனை டன் என்று கேட்டாள் டெல்பின். இருநூறு என்றான். பட்டன்மேல் யாருடைய கை இருந்தது, அடியிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டது யார் என்று அவள் கேட்கவில்லை.

ஹெட்போனைச் சரியாக வைத்துக்கொண்டு கடைசி வரியை மறுபடி பாடினாள். அமைதி முடிகிற இடம் வந்தது. குரல் நின்றது. அதற்குப் பிறகும் அவள் உதடு அசைந்தது.

போனில் சுசித்ரா, இடுக்கர் இருக்கட்டும், குரல் இதுதான் என்றாள். கடைசி வார்த்தை மட்டும் கேட்கவேயில்லை, அதை இன்னொரு முறை எடுத்துவிடலாமா என்றாள்.

வேண்டாம், அது அப்படித்தான் என்றான் ஆனந்தராஜ்.