கோணல் இறக்கை

ஆற்றில் மீன்பிடிக்கும் பருவம் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கணவர் சாப்பாட்டு மேஜை முழுக்க இறகும் நூலும் பரப்பி, தூண்டில் கொக்கிகளில் மீனை ஏமாற்றும் பொய் ஈக்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த மைத்துனனிடம் ஒன்றை எடுத்து நீட்டினார். “நேத்து கட்டினேன். நிஜ ஈயே ஏமாந்து பொண்ணு கேட்டு வரும்!”

“பிரமாதம் அத்தான்! அக்காவுக்கும் சொல்லிக்கொடுங்களேன்.”

“உங்கக்காவுக்கா? ஊசியில நூல் கோக்கவே அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். இதுக்கெல்லாம் கையில வித்தை இருக்கணும்டா.”

தேநீரோடு வந்த மனைவி அந்த ஈயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது நிஜமாவே நீங்க கட்டினதா?”

“பின்னே, பக்கத்து வீட்டுக்காரனா வந்து கட்டினான்?”

“இடது இறக்கை கோணலா இருக்கே!”

“அதுதான் சூட்சுமம்! அடிபட்ட ஈன்னு மீன் நம்பணும். வேணும்னேதான் கோணலாக்கினேன்.”

“அப்படியா? நீங்க ஆபீஸ் போனப்புறம் அவசரத்துல நான் கட்டினதாச்சே இது! தூண்டில் கடையில கொடுக்கும்போதே, ‘இந்தக் கோணலை யார் வாங்குவாங்க?’ன்னு கேட்டேன். ‘வாராவாரம் ஒரு ஏமாளி வர்றார், அவர் தலையில கட்டிடறேன்’னார் கடைக்காரர்.”